ஜாம்பி படத்தின் முதல் ஐந்து நிமிடம்: தொடக்கக் காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளிடம் கதை கேட்டால், பலரும் ஜாம்பி கதையோடு வருகிறார்கள். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மலைப்பாதை இருக்கிறது, காடு இருக்கிறது, கேரள எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது. ஜூன் பிறந்தால் சாரலும் மேகமும் கூப்பிடாமலே வந்து நிற்கின்றன. ஆனாலும் எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தால் பயம் வருவதில்லை. மேக்கப் நன்றாக இருக்கும், நடிப்புகூடப் பரவாயில்லை. தொடக்கத்திலேயே கோட்டை விட்டிருப்பார்கள்.

இந்த வகைப் படங்களின் தொடக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான். ஏதோ சரியில்லை என்று நமக்குத் தெரிந்துவிட்டது. திரையில் இருப்பவருக்கு இன்னும் தெரியவில்லை. பயம் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அதை எவ்வளவு நேரம் கெடாமல் வைத்திருக்கிறோம் என்பதுதான் இயக்குநரின் திறமை. பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியை அவசரப்பட்டு மூடிவிடுவதால் வருபவை.

எடுத்தவுடன் ஜாம்பி

முதல் ஷாட்டிலேயே கோணல்மாணலாக ஓர் உருவம் நடந்து வரும். வாயில் ரத்தம், கேமராவைப் பார்த்து ஒரு உறுமல், உடனே டைட்டில். பார்ப்பவர் அரை நொடி திடுக்கிடுவார், அவ்வளவுதான். காட்ட வேண்டியதை முதலிலேயே காட்டியாகிவிட்டது. மீதி எட்டு நிமிடமும் அதே முகத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். வளைந்து வளைந்து போகும் பாதையில் ஒரு கார் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறது. அண்ணனும் தங்கையும் அப்பாவின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க வந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு வரவே விருப்பம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீணாகிறது, இவ்வளவு தூரம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது என்று முணுமுணுக்கிறான். கார் ரேடியோவில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, இப்போது சரியாகிவிட்டது என்று ஒரு குரல் வருகிறது. அவன் அதை அணைத்துவிடுகிறான். தங்கை மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யும்போது, சின்ன வயதில் இதே இடத்தில் அவளைப் பயமுறுத்தியது ஞாபகம் வந்து மறுபடியும் கிண்டல் செய்ய ஆரம்பிக்கிறான்.

இதற்குள் தூரத்தில் ஓர் ஆள் நடந்து வருகிறான். இசை அவனைச் சுட்டிக்காட்டவில்லை, கேமராவும் அவனை நெருங்கிப் போகவில்லை. கல்லறைக்கு வந்திருக்கும் இன்னொருவர் என்றுதான் நாமும் எடுத்துக்கொள்கிறோம். 'அதோ பார், உன்னைப் பிடிக்க வருகிறான்' என்று அண்ணன் அவனைக் காட்டியே கேலி செய்கிறான். தங்கைக்குக் கூச்சமாகிவிடுகிறது. முன்பின் தெரியாத மனிதர் காதில் விழுந்தால் என்ன நினைப்பார் என்ற சங்கடத்தோடு அவள் அந்த ஆளை நெருங்குகிறாள். அவன் அவளைப் பிடித்துவிடுகிறான்.

இந்தக் காட்சியில் அவள் மாட்டிக்கொள்வது மரியாதையால். ஆபத்தைவிட அசிங்கப்பட்டுவிடுவோமோ என்ற நினைப்பு அவளுக்குப் பெரிதாக இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இதே காரணத்துக்காக விலகிப் போகாமல் நின்றிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு இன்னமும் உடம்பு சில்லிடுகிறது. உருவத்தை முழு ஃப்ரேமில் போட்டுக் காட்டியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. ஆகவே உங்கள் முதல் ஜாம்பியைத் தூரத்தில் வையுங்கள். சாதாரண ஆள் போல வையுங்கள். வயல் வரப்பில் தள்ளாடி வருகிறவரைக் குடித்துவிட்டு வருகிறார் என்று பாத்திரங்கள் நினைத்துக்கொள்ளட்டும். பார்ப்பவரும் கொஞ்ச நேரம் அப்படியே நினைக்கட்டும்.

விளக்கம் சொல்லித் தொடங்குவது

'2035ஆம் ஆண்டு. ஒரு ரகசிய ஆய்வுக்கூடத்தில்...' என்று கனத்த குரலில் வாய்ஸ் ஓவர். அதற்குக் கீழே இணையத்தில் எடுத்த நுண்ணுயிர்ப் படங்கள். இதை விட்டுவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஜாம்பி படத்துக்கு அந்தக் காரணம் கடைசிவரை தெரியாமலே போனாலும் நஷ்டம் இல்லை.

'28 டேஸ் லேட்டர்' ஆய்வுக்கூடத்தில்தானே தொடங்குகிறது என்று கேட்பார்கள். ஆமாம், டேனி பாயிலின் அந்த 2002 படம் குரங்குக் கூண்டுகளோடுதான் தொடங்குகிறது. விலங்குகளை விடுவிக்க வந்த இளைஞர்களிடம் விஞ்ஞானி கெஞ்சுகிறார், அவர்கள் கேட்பதில்லை. ஆனால் கிருமியை எப்படிச் செய்தார்கள் என்ற பாடம் அங்கே கிடையாது. கடிபட்டவர் சில நொடிகளில் மாறிவிடுவார் என்பதை மட்டும் கண்ணால் பார்க்கிறோம். பின்னால் ஒவ்வொரு காட்சியிலும் அந்தச் சில நொடிகள் நம் கழுத்தில் கத்தியாக நிற்கின்றன.

விளக்கமே பயமுறுத்த வேண்டுமென்றால் 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி'யைப் பார்க்கலாம். ஹெய்ட்டி நாட்டில் இரவு நேரம். குதிரை வண்டியில் வரும் ஜோடி, நடுச்சாலையில் சிலர் பிணம் புதைப்பதைப் பார்த்து நிற்கிறது. ஏன் இங்கே புதைக்கிறார்கள் என்றால், பிணத்தைத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆள் நடமாட்டம் உள்ள சாலை என்றால் தோண்ட முடியாது என்கிறார் வண்டிக்காரர். இரண்டே வாக்கியம். அந்த ஊர் மக்கள் எதற்குப் பயந்து வாழ்கிறார்கள் என்பது மொத்தமும் அதில் வந்துவிட்டது.

மானைக் காப்பியடித்து மனிதரை விட்டுவிடுவது

எல்லைப் பக்கம் எடுக்கும் படங்களில் நான் அதிகம் வருத்தப்படும் தவறு இதுதான், ஏனென்றால் இங்கே நம் கையில் இருப்பது பெரிய புதையல்.

யோன் சாங்-ஹோ இயக்கிய 'ட்ரெய்ன் டு பூசான்' (2016) படத்தைப் பார்க்காத பிள்ளையே இல்லை. அதன் தொடக்கம் ஒரு சோதனைச் சாவடி. சாலையில் கையசைத்து வண்டியை நிறுத்தச் சொல்வது ஒரு பொம்மை. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் லாரிக்கு மருந்து அடிக்கிறார்கள். ஓட்டுநர் எரிச்சலோடு கேட்கிறார்: மறுபடியும் கோமாரியா, மறுபடியும் எங்கள் பன்றிகளைப் புதைக்கப் போகிறீர்களா? அதெல்லாம் இல்லை, பக்கத்து ஆலையில் சின்னக் கசிவு என்று பதில் வருகிறது. அவர் புலம்பிக்கொண்டே கிளம்புகிறார். செல்போனைத் தேடும்போது கண் சாலையை விட்டு விலகுகிறது. ஒரு மான் மீது மோதிவிடுகிறார். இறங்கிப் பார்த்து, இன்றைக்கு நாளே சரியில்லை என்று திட்டிவிட்டுப் போய்விடுகிறார். லாரி போன பிறகு மான் முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறது. கண் வெளுத்திருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்வது வெள்ளைக் கண்ணை மட்டும். நாய்க்கு, ஆட்டுக்கு, நண்பனுக்கு எல்லாம் வெள்ளைக் கண். ஆனால் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துவது ஓட்டுநரின் புலம்பல். தென் கொரியாவில் 2010-11இல் கோமாரி பரவியபோது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளையும் பன்றிகளையும் கொன்று புதைத்தார்கள். ஓட்டுநர் ஒரு வரியில் அதைத் தொட்டதும் கொரியப் பார்வையாளருக்குப் பழைய குழிகள் ஞாபகம் வந்துவிடும். அதிகாரிகள் சின்ன விஷயம் என்றால் அது எவ்வளவு சின்ன விஷயம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இயக்குநர் புதிதாக எந்தப் பயத்தையும் உண்டாக்கவில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்த பயத்தைத் தட்டி எழுப்பினார்.

இப்போது நம் எல்லைச் சாவடி இருக்கும் புளியரைக்கு வாருங்கள். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் கால்நடைத் துறையினர் வந்து நின்று, அங்கிருந்து வரும் வண்டிகளின் டயருக்குக் கிருமிநாசினி அடிக்கிறார்கள். நிபா என்றால் காய்ச்சல் பார்க்கிறார்கள். 2020இல் இ-பாஸ் இல்லாமல் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. ஆரியங்காவில் மகளைக் கட்டிக்கொடுத்தவர்களும், புனலூருக்கு வேலைக்குப் போய்வந்தவர்களும் மலைக்கு இப்பால் நின்றார்கள். கொரியப் படத்தின் முதல் காட்சி நமக்குக் கற்பனையே கிடையாது. மூக்கு வரை துண்டைக் கட்டிக்கொண்டு, 'சார், போன வாரம்தான் அடிச்சீங்க' என்று சலித்துக்கொள்ளும் ஓட்டுநர் நம் தெருவிலேயே இருக்கிறார். அவர் பேசட்டும். அவருக்கு ஒரு அவசரம் கொடுங்கள், ஒரு கடன் கொடுங்கள், வீட்டிலிருந்து வந்த ஒரு தவறிய அழைப்பைக் கொடுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஓணம் நெருங்கினால் ஆரியங்காவில் பால் வண்டிகளைக் கேரளப் பால்வளத் துறையினர் நிறுத்தி மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். டேங்கர் ஓட்டுநர் இறங்கி நிற்கிறார். ஓர் ஊழியர் மாதிரி எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து மறுபடியும் எடுக்கிறார், ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காமல். 'எந்தா சாரே?' என்கிறார் ஓட்டுநர். பதில் இல்லை. அடுத்து வேறொருவர் வந்து, பால் எந்த ஊரில் ஏற்றியது, கறந்தவர்கள் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்கிறார். ஓட்டுநருக்கு ஓண நெரிசலுக்கு முன்னால் கொல்லம் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலைதான். ஜன்னல் வழியாக உள்ளே இருப்பவர்கள் கதவைத் தாழ் போடுவது நமக்குத் தெரிகிறது. அவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். இதில் ரத்தமும் இல்லை, மேக்கப்பும் இல்லை.

ஆனால் இங்கே இன்னொரு தவறுக்கு வழி திறந்திருக்கிறது. நோயை 'அந்தப் பக்கத்துக்காரர்கள்' கொண்டுவந்ததாகக் கதை எழுதுவது. சட்டென்று கைதட்டல் கிடைக்கும், ஆனால் கதை சின்னதாகிவிடும். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தான். எல்லை இடம் மாறிவிட்டது, பிரானூருக்கு மட்டும் இன்னும் 'பார்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரில் அயலான்தான் ஆபத்து என்று படம் எடுத்தால் நம்மையே நாம் கடித்துக்கொள்கிற மாதிரி. வரப்போவது எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல் இருப்பதுதான் எல்லையில் நிற்பவருக்குப் பெரிய பயம்.

ராத்திரி என்றால்தான் பயமா?

ரொமேரோவின் கல்லறைக் காட்சியில் மணி எட்டு, இன்னும் வெளிச்சமாகவே இருக்கிறது என்று அண்ணனே சொல்கிறான். '28 டேஸ் லேட்டர்' லண்டன் காட்சி பட்டப்பகல். ஜாக் ஸ்னைடரின் 'டான் ஆஃப் தி டெட்' (2004) விடிகாலையில் வெடித்து, வெயிலடிக்கும் தெருவுக்கு ஓடிவருகிறது. பகலில் வந்தால் ஒளிய இடம் இல்லை என்ற எண்ணம் வருகிறது. செல்போன் கேமராவுக்கு இருட்டு எதிரி என்பது வேறு; படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும்.

புளியரையில் மலை மேற்கே நிற்பதால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும், ஆனால் வானம் அதன் பிறகும் நெடுநேரம் வெளுத்தே இருக்கும். நிழல் விழாத அந்த வெளிச்சம் இந்த வகைப் படத்துக்கென்றே செய்தது போல இருக்கும். லைட் எதுவும் வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

காலித் தெரு தானாகப் பயமுறுத்தாது

லண்டன் காட்சியைப் பார்த்த உற்சாகத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கடைத்தெருவில் போய் எடுத்துவருகிறார்கள். பார்த்தால் விடியற்காலை ஐந்தரை மணி போலவே இருக்கிறது! ஆள் இல்லாத நேரத்தில் ஆள் இல்லை என்றால் அதில் என்ன பயம்?

அந்தப் படக்குழுவும் அதிகாலையில்தான் எடுத்தது, போக்குவரத்தைச் சிறிது சிறிது நேரம் நிறுத்திவைத்து, சின்ன டிஜிட்டல் கேமராக்களில். ஆனால் கதைக்குள் அது பகல். மருத்துவமனையில் விழித்த நாயகன் நோயாளி உடையில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நடக்கிறான். கீழே கிடக்கும் பவுண்டு நோட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறான். யாராவது இருக்கிறீர்களா என்று கத்துகிறான். ஒரு காரின் அலாரம் அடித்ததும் பதறிப்போகிறான். இவ்வளவு நேரமும் ஒரு ஜாம்பிகூட வரவில்லை. பணம் தரையில் கிடக்கிறது, எடுக்க ஆள் இல்லை. அதைப் பொறுக்குகிற அந்தப் பையனுக்கு உலகம் முடிந்துவிட்டது தெரியவில்லை.

நம் தெருவில் அதற்கு என்ன சமம்? பிரானூர் பார்டரில் பரோட்டாக் கல் அடுப்பில் சூடாகவே இருக்கிறது, மாவு உருண்டைகள் எண்ணெய் தடவி வரிசையாக இருக்கின்றன, மாஸ்டரைக் காணோம். பஸ் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, கண்டக்டர் பை சீட்டில் கிடக்கிறது. இப்படி ஒன்றோ இரண்டோ போதும். ஆள் இருக்க வேண்டிய நேரம் என்பதை முதலில் நிறுவிவிட்டு அப்புறம் ஆளை எடுங்கள்.

சத்தம்

இலவசமாகக் கிடைக்கும் திகில் இசையை முதல் நொடியிலிருந்து ஓடவிடுவது அநேகமாக எல்லாப் படத்திலும் இருக்கிறது. இசை வந்ததும் பார்ப்பவர் தயாராகிவிடுகிறார். தயாரானவரைப் பயமுறுத்துவது கஷ்டம்.

2004 'டான் ஆஃப் தி டெட்' இதைத் தலைகீழாகச் செய்கிறது. செவிலியர் அனா வேலை முடிந்து வீட்டுக்குக் காரில் போகிறாள். ரேடியோவில் செய்தி வருகிறது, பாட்டுக்கு மாற்றுகிறாள். இரவு கணவனும் அவளும் குளியலறையில் இருக்கும்போது டிவியில் அவசர அறிவிப்பு ஓடுகிறது, அவர்கள் பார்க்கவில்லை. காலையில் பக்கத்து வீட்டுச் சிறுமி படுக்கையறை வாசலில் நிற்கிறாள். அடிபட்டுவிட்டதோ என்று பதறி ஓடிப்போகும் கணவனைத்தான் அவள் கடிக்கிறாள். எத்தனை முறை எச்சரிக்கை வந்தது, எத்தனை முறை ஒரு சாதாரண காரியத்துக்காக அது காதில் விழாமல் போனது என்று எண்ணிப் பாருங்கள். செய்தி வாசிப்பவரைத் திரை முழுக்க நிறுத்தி 'முக்கியச் செய்திகள்' என்று தொடங்குகிற நம் படங்கள் இந்த ருசியைத் தாங்களே கெடுத்துக்கொள்கின்றன.

எல்லையில் இன்னொரு வசதி உண்டு. அந்தப் பக்கத்து ஒலிபெருக்கியில் மலையாளத்தில் ஏதோ சொல்கிறார்கள். காற்றில் பாதி வருகிறது, பாதி போகிறது. ஓட்டுநர் பழக்கத்தில் தலையாட்டிவிட்டு வண்டியை எடுக்கிறார். மலையாளம் தெரிந்த பார்வையாளர் நாற்காலியில் நிமிர்ந்துவிடுவார், தெரியாதவர் அவரைப் பார்த்துப் பயப்படுவார்.

சாரல் காலத்தில் எடுத்தால் செல்போன் மைக்கில் காற்றைத் தவிர வேறெதுவும் பதிவாகாது. வசனத்தையும் சூழல் ஒலிகளையும் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்: ஈர ரோட்டில் டயர், தகரக் கூரையில் மழை, தூரத்தில் ரயில்.

சில சின்ன விஷயங்கள்

முதல் கடியில் காட்டும் விதியைக் கடைசிவரை மாற்றாதீர்கள். 'வேர்ல்ட் வார் இசட்' (2013) படத்தில் கடிபட்டவன் மாறுவதற்கு நாயகன் பன்னிரண்டு வரை எண்ணுகிறான். அதன் பிறகு நாமும் எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். நம் படங்களில் முதலில் செத்தவன் இரண்டு நொடியில் எழுந்துவிடுவான். நாயகனின் நண்பன் மட்டும் கடிபட்டு அரைமணி நேரம் நட்பைப் பற்றிப் பேசுவான்.

பத்து நிமிடக் குறும்படத்தில் டைட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். ஜப்பானில் 2017இல் வந்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' 37 நிமிட ஒரே ஷாட்டில் தொடங்கியதே என்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஷாட்டின் தடுமாற்றங்களுக்கெல்லாம் படத்தின் பிற்பகுதியில் காரணம் வைத்திருக்கிறார்கள்.

போலிச் செய்தி அறிவிப்பு வைத்தே ஆக வேண்டுமென்றால் உண்மையான சேனல் பெயர், மாவட்டப் பெயர், நோய்ப் பெயர் எதையும் போடாதீர்கள். பதினைந்து நொடித் துண்டு வாட்ஸ்அப்பில் தனியாகக் கிளம்பினால், எல்லையில் இருக்கும் கோட்டைவாசலுக்கு அந்தப்புறம் பிள்ளையைப் படிக்க அனுப்பியிருக்கும் வீட்டில் அன்று ராத்திரி யாரும் தூங்க மாட்டார்கள். துண்டாக வெட்டினாலும் படம் என்று தெரியும்படி மூலையில் பெயர் இருக்கட்டும்.

சோதனைச் சாவடியில் அனுமதி வாங்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். தண்டவாளத்திலோ ரயில் போகும் குகைக்குள்ளோ கண்டிப்பாக வேண்டாம். செங்கோட்டை-புனலூர்ப் பாதை 2018இல் அகலப் பாதையாகித் திறந்த பிறகு ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, வளைவில் வண்டி வருவது தெரியாது. சாவடி வேண்டுமென்றால் ஊருக்குள் ஆள் நடமாட்டம் குறைந்த கிளைச் சாலையில், இடத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு மூங்கில் தடுப்பும் இரண்டு பிளாஸ்டிக் டிரம்மும் மருந்து அடிக்கும் ஒரு தெளிப்பானும் வைத்தால் போதும். தெளிப்பானில் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். பூச்சிமருந்து அடித்த பழைய டேங்க் என்றால் நன்றாகக் கழுவினாலும் நடிகர் முகத்துக்கு நேரே அடிக்க வேண்டாம், டயருக்கு அடித்தாலே காட்சி வந்துவிடும்.